தலைக்கு வினிகர் அலசல் தேவையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தலைக்குக் குளித்த பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் முடியை அலசலாமா என்ற கேள்வி இம்முறை பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கேட்கும் காரணம் ஒவ்வொருவருக்கும் வேறாக இருப்பதால், இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மேடவாக்கம் வாசகி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீர்தான் வருகிறது. இங்கே குடிவந்ததிலிருந்து என் முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்துகொண்டே இருக்கிறது. நான் ஷாம்புவும் கண்டிஷனரும் பயன்படுத்துகிறேன். என் மாமியார் குளிக்கும் சோப்பையே தலைக்கும் போட்டுக்கொள்கிறார். கடைசியில் வினிகர் தண்ணீர் ஊற்றி அலசினால் முடி பட்டுப்போல் ஆகிவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா?

உங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. உங்கள் மாமியாருக்கு வினிகர் அலசலால் கையில் தொட்டு உணரக்கூடிய மாற்றம் கிடைக்கும். உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சமாகத்தான் இருக்கும். அதுவும் ஷாம்புவை மாற்றினாலே கிடைத்துவிடக்கூடியது. காரணம் வினிகரில் இல்லை, அதற்கு முன்னால் தலையில் எதைத் தேய்க்கிறோம், எந்தத் தண்ணீரால் கழுவுகிறோம் என்பதில் இருக்கிறது.

முடியின் வெளிப்புறம் ஓட்டு வீட்டின் கூரையைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்திருந்தால் முடி வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும். அமில-கார அளவைக் குறிக்கும் பி.எச். எண் 7க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம் என்பது பள்ளியில் படித்ததுதான். உச்சந்தலையின் இயல்பான பி.எச். சுமார் 5.5. முடித்தண்டு தன் மின்னூட்டம் சமநிலையில் இருக்கும் புள்ளி அதைவிடவும் கீழே, சுமார் 3.67இல் இருக்கிறது. இதற்கு மேலே போகப் போக முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் கூடும். முடிகள் ஒன்றையொன்று விலக்கும், உராய்வு அதிகமாகும். காரம் மிகும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், செதில்களும் விரியும்.

உண்மையான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அதை முடியில் தேய்ப்பதே செதில்களைத் தூக்கிவிடப் போதுமானது. போர் தண்ணீர் சேர்ந்துகொண்டால் இன்னொரு தொல்லையும் வரும். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். வாளியின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வருகிற அதே பிசுக்குதான் உங்கள் மாமியாரின் முடியிலும் படிந்திருக்கிறது. எத்தனை குவளைத் தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது, ஏனென்றால் ஊற்றுவதும் அதே தண்ணீர். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் இந்தப் பிசுக்கிலிருந்து கால்சியத்தைப் பிரித்துக் கரைத்துக்கொண்டு போய்விடும், முடியின் பி.எச். அளவையும் கீழே இறக்கும். ஆகவே சோப்பு, கடினநீர் என்ற இரண்டும் சேர்ந்த தலைக்கு வினிகர் அலசல் சரியான மருந்து.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதுவே தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் தலைக்கு சோப்பைத்தான் போட்டார்கள். அதன் பிசுக்கைப் போக்கவே கடைசி அலசலில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்தார்கள். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1934இல் 'ட்ரீன்' என்ற ஷாம்புவை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சோப்பு இல்லை. செயற்கைச் சலவைப்பொருள் இருந்தது. கடினநீரில் அது பிசுக்காகத் திரிவதில்லை. நம் பக்கத்தில் அந்த மாற்றம் வெகுகாலம் கழித்து, கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் போன்றவர்கள் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற பிறகுதான் கிராமம் வரைக்கும் வந்தது. சோப்புக் காலத்துக்கான பரிகாரம், சோப்பு போய்விட்ட தலைகளுக்கும் இன்று பரிந்துரைக்கப்படுகிறது; குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் பயன்படுத்தும் ஷாம்புவில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை ஏற்கெனவே குறைத்திருப்பார்கள். உறையின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஷாம்புவும் அப்படி இருப்பதாக எண்ணிவிடவும் கூடாது. பிரேசில் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 123 ஷாம்புகளை அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் பி.எச். 3.5 முதல் 9 வரை பரந்து கிடந்தது. நோயாளிகள் கேட்டால் குறைந்த பி.எச். உள்ளதையே பரிந்துரைக்கும்படி அந்த ஆய்வாளர்கள் மற்ற மருத்துவர்களுக்குச் சொல்கிறார்கள். மருந்துக்கடைகளில் கிடைக்கும் பி.எச். தாளை ஷாம்பு நுரையில் தோய்த்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால், பி.எச். அளவைக் குறைக்க வினிகர் தேவையில்லை.

உங்களுடைய கண்டிஷனரும் அமிலத்தன்மை உடையதுதான். அதோடு நேர்மின்னூட்டம் கொண்ட பொருள்கள் அதில் இருக்கும். அவை எதிர்மின்னூட்டமுள்ள முடியில் ஒட்டி மெல்லிய பூச்சாக நின்று, உராய்வைக் குறைக்கும். வினிகர் அப்படி எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே கண்டிஷனருக்குப் பதிலாக வினிகர் என்பதை நான் ஏற்கமாட்டேன். முடி நீளமாகவோ சுருளாகவோ சாயம் போட்டதாகவோ இருந்தால் நிச்சயமாக ஏற்கமாட்டேன்.

இதற்கு மேலும் உங்கள் முடி சொரசொரப்பாக இருக்கிறதென்றால், தண்ணீரிலுள்ள கால்சியம் நேராகவே முடியில் ஒட்டுகிறது என்று கருதலாம். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரம், குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. உங்கள் தண்ணீர் எவ்வளவு என்பதைக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அறிந்துகொள்ளுங்கள். சுத்திகரிப்புக் கருவி விற்பவர் காட்டும் டி.டி.எஸ். எண் கடினத்தன்மை ஆகாது. கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவே அது. தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால், ஈ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்புவை வாரம் ஒருமுறை பயன்படுத்துங்கள். அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு போகும். மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ ஒரு வாளி கிடைக்குமென்றால் கடைசி அலசலுக்கு அதை வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட மேல். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் சேமித்துக் குளிக்கப் பயன்படுத்துகிற வீடுகள் உண்டு. தண்ணீரை வீணாக்காத அந்த அக்கறை நல்லதுதான் என்றாலும், உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்; தரை துடைப்பதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குச் செய்யவேண்டிய முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி வினிகரைக் கலக்க வேண்டும். சோப்பை முழுவதும் கழுவிய பிறகு, கண்களை மூடித் தலையைப் பின்னால் சாய்த்து, முடியின் நீளத்தில் அதை ஊற்றி, ஓரிரு நிமிடம் விட்டுச் சாதாரணத் தண்ணீரால் அலசிவிட வேண்டும். பிளாஸ்டிக் குவளையோ எவர்சில்வர் பாத்திரமோ பயன்படுத்துங்கள். பித்தளைச் செம்பும் தாமிரப் பாத்திரமும் அமிலத்தில் அரித்துக் கரையும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய குளியலறையில் வினிகரைக் கொட்டக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சோப்பு போடும் நாள்களில் மட்டும் இந்த அலசல் போதும். அவர் மென்மையான ஷாம்புவுக்கு மாறச் சம்மதித்தால் இதுவும் வேண்டாம்.

நீங்களும் செய்துதான் பார்க்க விரும்பினால், வகிடு எடுத்துத் தலையின் ஒரு பாதியில் மட்டும் வினிகர் தண்ணீரும் மறு பாதியில் வெறும் தண்ணீரும் சில வாரங்கள் ஊற்றுங்கள். எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல், வீட்டில் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் வேறுபாடு சொல்ல முடியவில்லை என்றால் விட்டுவிடலாம்.

யாழ்ப்பாணம் வாசகர்: எங்களுடைய கிணற்று நீரில் கேத்திலின் அடியில் சுண்ணாம்பாகப் படிகிறது. அப்பிள் வினாகிரி இங்கே விலை அதிகம். தென்னங்கள்ளில் இருந்து செய்யும் வினாகிரியைத் தலைக்குப் பாவிக்கலாமா?

தாராளமாகப் பாவிக்கலாம். இந்த வேலைக்குத் தேவைப்படுவது அசிட்டிக் அமிலம் மட்டுமே. அது ஆப்பிளிலிருந்து வந்ததா, கள்ளிலிருந்து வந்ததா என்பதை முடி அறியாது.

உங்கள் நீரைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீர் அந்தக் கல்லினூடாகவே ஊறி வருவதால் அதில் கால்சியம் பைகார்பனேட் மிகுதி. வினாகிரியைக் கலந்த உடனே அதன் அமிலத்தில் ஒரு பங்கை இந்தப் பைகார்பனேட் சமன்செய்துவிடும். கடினமற்ற நீரில் 15 மில்லி கலந்தால் பி.எச். ஏறத்தாழ 3.3க்கு இறங்கும், பைகார்பனேட் மிகுந்த நீரில் அதே அளவு 4.7 அளவில் நின்றுவிடக்கூடும். ஆகவே உங்களுக்கு லிட்டருக்கு 30 மில்லி வரை கலப்பதில் பிழையில்லை. நீரை முதலில் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கேத்திலின் அடியில் படிந்துவிடும். ஆறிய பின் மேல்நீரை மட்டும் கடைசி அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் வாசகி: 'மதர்' உள்ள, வடிகட்டாத ஆப்பிள் சிடர் வினிகர்தான் முடிக்குச் சத்து தரும் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பாட்டிலின் அடியில் மங்கலாக நிற்கும் அந்தப் பொருள், வினிகரைப் புளிக்கவைத்த பாக்டீரியாவும் அது உண்டாக்கிய செல்லுலோஸும் சேர்ந்த படலம். முடித்தண்டு உயிரற்றது. வெளியிலிருந்து ஊற்றும் வைட்டமினையோ தாதுவையோ அது உண்டு வளராது. முடிக்கான சத்து வேர்ப்பையின் ரத்த ஓட்டத்திலிருந்துதான் வரவேண்டும், அதாவது நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து. அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் கீரையும் வாங்குவதே முடிக்கு நல்லது என்று உளமாரச் சொல்கிறேன்.

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகரே போதும். சமையலுக்கான வினிகரில் அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அடர் அசிட்டிக் அமிலம் முற்றிலும் வேறு. அது தோலைப் பொசுக்கிவிடும். பாட்டிலில் சதவீதம் எழுதியிராத எதையும் தலையில் ஊற்றாதீர்கள்.

ஈரோடு வாசகி: நான் ஷாம்புவைத் தொடுவதே இல்லை. எண்ணெய் தேய்த்துச் சீயக்காயும் அரப்பும் போட்டுக் குளிக்கிறேன். எனக்கும் வினிகர் தேவைப்படுமா?

தேவைப்படாது. சீயக்காயில் நுரையைத் தருவது சபோனின் என்ற பொருள். அது சோப்பைப் போலக் காரமானதன்று, கடினநீரில் பிசுக்காகத் திரிவதும் இல்லை. சாதம் வடித்த கஞ்சி புளித்த பின் அதில் சீயக்காயைக் கரைத்துத் தேய்ப்பதும், புளித்த மோரைத் தலைக்குப் பூசுவதும் நம் வீடுகளில் இருந்த வழக்கங்கள்தாம். புளித்த கஞ்சியிலும் மோரிலும் லாக்டிக் அமிலம் உண்டு என்பதால், வினிகர் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவை முன்பே செய்திருக்கின்றன.

ஆனால் 'சீயக்காய் சோப்பு' என்ற பெயரில் விற்கும் கட்டி, சோப்புதான், காரமானதுதான். அதைப் போட்டுக்கொள்பவர் மேடவாக்கம் மாமியாருக்குச் சொன்ன முறையைப் பின்பற்றலாம்.

மதுரை வாசகர்: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குப் பொடுகு தோளெல்லாம் கொட்டுகிறது. வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தலையில் தேய்த்து அரைமணி நேரம் விடச் சொல்கிறார்கள். எரிகிறது என்று அவன் கத்துகிறான். தொடரலாமா?

இன்றே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கலக்காத வினிகரின் பி.எச். 3க்கும் கீழே இருக்கும். பொடுகால் சொறிந்து சொறிந்து கீறலான தலையில் அதைத் தேய்ப்பது, புண்ணில் அமிலம் ஊற்றுவதாகும். இணையத்தில் படித்ததை நம்பி, மச்சத்தைப் போக்க ஆப்பிள் சிடர் வினிகரைத் தடவிய 14 வயதுச் சிறுமிக்கு மூக்கில் அமிலத்தீக்காயம் ஏற்பட்டதை 2015இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உணவில் சேரும் பொருள் தோலில் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை அவ்வளவு பரவலாக இருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

நீர்த்த வினிகரே கூட நோயுற்ற தோலுக்கு நன்மை செய்ததாகத் தெரியவில்லை. விர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 22 பேர், அசிட்டிக் அமிலம் அரைச் சதவீதமே இருக்கும்படி நீர்த்த ஆப்பிள் சிடர் வினிகரில் ஒரு கையை நாள்தோறும் 10 நிமிடம், 14 நாள்கள் நனைத்தார்கள். தோலின் காப்புத்தன்மை மேம்படவில்லை. 16 பேருக்கு எரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன, நிறுத்திய பின் தணிந்தன. இந்தப் பக்கத்தில் நான் சொல்லியிருக்கும் கலவை அதைவிடப் பல மடங்கு நீர்த்தது என்றாலும், சொறியோ புண்ணோ கரப்பானோ சோரியாசிஸோ உள்ள தலைக்கு அதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

பொடுகுக்குப் பின்னால் மலசீசியா என்ற பூஞ்சையின் பங்கு இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது அது. ஆகவே பொடுகு உள்ளபோது தலையில் எண்ணெய் வைத்து ஊறவிடுவதும் உதவாது. மேற்பரப்பு அமிலமானால் பூஞ்சை மடிந்துவிடும் என்று சொல்வது எளிது. ஆனால் வினிகர் அலசலால் பொடுகு குணமாகிறது என்பதற்கு மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனைகளின் சான்று இல்லை. 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்புவுக்கு அந்தச் சான்று நிறையவே இருக்கிறது. வாரம் இருமுறை அதைத் தலைத்தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். 2 முதல் 4 வாரம் தொடர வேண்டும். நுரை வந்ததும் கழுவிவிடுவதால்தான் பலருக்கு அது பலன் தருவதில்லை. ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு சேர்ந்த ஷாம்புகளும் உண்டு. ஒரு மாதத்தில் குறையாவிட்டாலோ, செதில் தடித்து வெள்ளி போல உரிந்தாலோ, நெற்றிக்கும் காதின் பின்புறத்துக்கும் பரவினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலம் வாசகி: பிரசவம் ஆகி மூன்று மாதம் ஆகிறது. முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. வினிகர் வேரைப் பலப்படுத்துமா?

வேர்ப்பை வரைக்கும் வினிகர் போய் எதையும் பலப்படுத்துவதில்லை. பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி மொத்தமாக உதிர்வது, கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போவதால் நிகழ்வது. பெரும்பாலானோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய அடர்த்தி திரும்பிவிடும். அதற்குப் பிறகும் உதிர்ந்தால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இப்போதைக்கு அஞ்ச வேண்டாம். உங்களுக்குத் தூக்கமும் சாப்பாடும் குறையாமல் வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருச்சி வாசகி: ஷாம்புவுக்குப் பதிலாகச் சமையல் சோடாவைத் தேய்த்துவிட்டு வினிகரால் அலசும் முறை நல்லதா? வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழியலாமா?

சமையல் சோடாவின் கரைசல் 8க்கு மேற்பட்ட பி.எச். உடையது, அதன் துகள்கள் முடியை உரசிச் சேதப்படுத்தவும் கூடும். முதலில் காரத்தால் செதில்களைத் தூக்கிவிட்டுப் பிறகு அமிலத்தால் படியவைப்பதை வாரந்தோறும் செய்வதில் எனக்குப் பொருள் விளங்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலப்பவர்களும் உண்டு. பொங்கி அடங்கிய பின் அதில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர், அதனால் ஒரு பயனும் இல்லை.

எலுமிச்சைச் சாறு வினிகரைப் போலவே புளிப்பானது; பிசுக்கையும் போக்கும். ஆனால் எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள சில பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடம் கொப்புளமாகிப் பின் மாதக்கணக்கில் கருத்து நிற்கும். நம் ஊர் வெயிலில் நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த சாற்றோடு வெளியே போவது ஆபத்து. வினிகரே கையில் இருக்கும்போது எலுமிச்சையை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு வாசகி: பள்ளிக்குப் போகும் மகளுக்குப் பேனும் ஈரும். வினிகர் ஈரின் பசையைக் கரைத்துவிடும் என்கிறார்களே?

அப்படிப் பரவலாக நம்பப்படுகிறது. சோதனையில் அது தேறவில்லை. வினிகர், ஆலிவ் எண்ணெய், மயோனைஸ், வெண்ணெய் முதலிய வீட்டு வைத்தியங்களைப் பேன்கள்மேல் சோதித்து 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வினிகருக்கே மிகக் குறைந்த பலன் இருந்தது.

மருந்துக்கடையில் கிடைக்கும் 1 சதவீதப் பெர்மெத்ரின் மருந்தை உறையில் சொல்லியபடி 10 நிமிடம் வைத்து அலசி, ஈரிலிருந்து பொரித்த குஞ்சுகளையும் பிடிக்கும்படி ஒன்பதாம் நாளில் மீண்டும் ஒருமுறை போடுங்கள். மருந்து வேண்டாமென்றால், ஈரமான முடியில் தாராளமாகக் கண்டிஷனர் பூசி, முடியைச் சிறு பிரிவுகளாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். இதை மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருடைய தலையையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். மகளின் வகுப்பு ஆசிரியையிடமும் தெரிவியுங்கள். மற்றப் பிள்ளைகளின் தலையில் பேன் இருக்கும்வரை உங்கள் மகளுக்கு அது திரும்பத் திரும்ப வரும்.